அக்கா பேரில் போட்ட டோக்கன்

அன்றைக்கு இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மேடம். பல் க்ளினிக் அவருடையது. வியாழக்கிழமை மட்டும் செங்கல்பட்டிலிருந்து வருகிற கிளிப் டாக்டர். எங்களிடம் வர ஆரம்பித்து அது இரண்டாவது வாரம். புள்ளலூர் சம்பத்து, பயிர் வைக்கிறவர். அவருடைய பெரிய பெண் மல்லிகா, கல்யாணம் ஆனவள். சின்னப் பெண் கவிதா. வாலாஜாபாத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற பாய், ஒரு பக்கக் கன்னம் வீங்கி. அப்புறம் நான்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். கூட்டுகிற வேலைக்கு வந்தேன். பிறகு சேர் பக்கத்தில் நிற்கிற வேலை. முட்டி விட்டுப்போனதும் நின்றுவிட்டேன். இப்போது அதே இடத்தில் நீங்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடு யசோதா என்று மேடம் சொன்னார். கருவிகளின் பேர், கழுவுகிற முறை எல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதைப் படித்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒட்ட முடியாததை எழுதுகிறேன்.

நம் க்ளினிக்கில் ஹாலுக்கும் உள்ளறைக்கும் நடுவில் பிளைவுட் தடுப்பு. மேலே கூரை வரைக்கும் போகாது. உள்ளே பேசினால் ஹாலில் கேட்கும். ஹாலில் இருமினால் உள்ளே கேட்கும். முதல் நாளே இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

புள்ளலூர்க்காரருக்குக் காஞ்சிபுரம்தான் பக்கம். சம்பத்து அங்கே போகவில்லை. தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று இரண்டு பஸ் மாறி உத்திரமேரூருக்கு வந்தார். கவிதாவுக்கு வாலாஜாபாத்தில் இடம் முடிந்திருந்தது. கல்யாணத்துக்கு நாலு மாதம். பூ வைத்துவிட்டு மாப்பிள்ளை வீட்டார் வேனில் ஏறும்போது உள்ளே இருந்து ஒரு அம்மா பக்கத்து அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்: "பொண்ணு லட்சணமாத்தான் கீது. அந்த ஒத்தப் பல்லுதான் மேல ஏறிக்கினு கீது." தாம்பூலப் பையை ஜன்னல் வழியாகக் கொடுத்துக்கொண்டிருந்த சம்பத்து காதில் அது விழுந்தது. அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பார். அன்றிலிருந்து மகள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பல்லைத்தான் பார்த்திருக்கிறார்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று நான் பார்த்தது இவ்வளவுதான். நான் டோக்கன் போடுகிற மேசைக்கு வந்தார். பேர் சொல்ல வாயைத் திறந்தார். ஹாலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே பாய் உட்கார்ந்திருந்தார். பாயின் மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது உத்திரமேரூரில். பார்க்க வந்த இடத்தில் கன்னம் வீங்கிக்கொண்டது. கவிதாவின் மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத் துணி எடுப்பது அவர் கடையில்தான்.

"இன்னா சம்பத்து, இவ்ளோ தூரம்?" என்றார் பாய்.

"பெரிய பொண்ணுக்குப் பல்லு காட்டலாம்னு." பிறகு என் பக்கம் திரும்பி, ஹாலுக்கே கேட்கிற மாதிரி, "மல்லிகான்னு எழுதிக்கம்மா" என்றார்.

மல்லிகா அப்பாவைப் பார்த்தாள். கவிதா தரையைப் பார்த்தாள். பாய் மல்லிகாவைப் பார்த்துத் தலையாட்டினார். யாராக இருந்தாலும் நம்புவார்கள். அவளுக்கு மேல் முன்பல் நன்றாக வெளியே வந்திருக்கும். உதடு மூடாது.

அவள் நடவு ஆட்களுக்கு மேஸ்திரி. குரல் இரண்டு கழனி தாண்டும். யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிடுகிற ஆள். அன்றைக்கும் சொன்னாள்.

"எனக்கு முன்னாடி என் பல்லு பஸ் ஏறிடுது பாய். கண்டக்டரு ரெண்டு டிக்கெட்டுன்றான்."

பாய் சிரித்தார். கன்னம் இழுத்து வலித்தது. கையை வைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். நானும் சிரித்தேன். அவளும் வாயை மறைக்காமல் சிரித்தாள்.

டோக்கன் கூப்பிட்டேன். மூன்று பேரும் உள்ளே போனார்கள், பின்னாலேயே நானும். கிளிப் டாக்டர் கையில் மல்லிகா என்று பேர் எழுதிய சீட்டு. நிமிர்ந்தார். முதலில் தெரிந்தது மல்லிகாவின் வாய். வேறு யாரையும் பார்க்க அவருக்குக் காரணம் இல்லை. "உட்காருங்கம்மா" என்றார்.

கதவு திறந்திருந்தது. பொய்யை எது வரைக்கும் கொண்டுபோக வேண்டும் என்று அப்பா சொல்லவில்லை. அவள் உட்கார்ந்தாள். டாக்டர் விளக்கை இழுத்துப் போட்டார். வாயைத் திறக்கச் சொன்னார். பார்த்தார்.

"இவ்வளவு தூக்கியிருக்கே. இதோட எப்படிம்மா இத்தனை வருஷம் இருந்தீங்க? உங்களுக்குக் கண்டிப்பா கிளிப் போடணும். ரெண்டு வருஷம் ஆகும்."

டாக்டருக்கு மெதுவாகப் பேசத் தெரியாத வயது. ஹால் வரைக்கும் போயிருக்கும்.

மல்லிகா சேரிலிருந்து இறங்கினாள். "எனக்கில்ல சார். என் தங்கச்சிக்கு" என்றாள். முந்தானையை எடுத்து வாய்மேல் வைத்துக்கொண்டாள். கதவோரம் போய் நின்றாள்.

டாக்டர் கவிதா பக்கம் திரும்பினார். சிரிக்கச் சொன்னார். சிரித்தாள். மேலே ஒரு கோரைப்பல் வரிசையை விட்டுக் கொஞ்சம் ஏறி இருந்தது. மற்றதெல்லாம் ஒழுங்கு.

"இதுக்கா?" என்றார் டாக்டர்.

முதலில் சொன்னதைவிட இது மோசம். ஒருத்திக்கு அதிகமாகச் சொன்னார், இன்னொருத்திக்கு ஒன்றுமில்லை என்றார். இரண்டுமே அவர் கண்ணுக்குச் சரி.

சம்பத்து போய்க் கதவைச் சாத்தினார். சாத்தியும் பிரயோசனம் இல்லை, தடுப்பு அப்படி. குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நாலு மாசத்துல கல்யாணம் சார். அந்தப் பல்ல மட்டும் உள்ள தள்ளி வெச்சுடுங்க. இன்னும் ரெண்டு தபா வேணும்னாலும் வரோம்."

பல்லைத் தள்ளிவைப்பது சாக்கு மூட்டையை நகர்த்துகிற மாதிரி என்று நினைத்திருந்தார். நிறைய பேர் அப்படித்தான் நினைத்து வருகிறார்கள். சிரிக்காதீர்கள். அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

டாக்டர் சொன்னார். அந்தப் பல்லுக்கு வரிசையில் இடம் இல்லை. இடம் பண்ண வேறு பல்லை எடுக்கணும். ஒன்றரை வருஷமாவது ஆகும். நாலு மாதத்தில் பாதியில் நிற்கும், கல்யாணத்தன்று சந்தும் கம்பியுமாகத் தெரியும். அந்தப் பல்லால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆசைப்பட்டால் கல்யாணத்துக்கு அப்புறம் வரட்டும். அவசியம் என்று சொல்ல மாட்டேன்.

சம்பத்து கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் சொன்னார்.

"கேக்கறவளுக்கு வேணாம்ன்றீங்க. கேக்காதவள உக்கார வெச்சு ரெண்டு வருசம்ன்றீங்க. இன்னா சார் நாயம் இது?"

"மெடிக்கலா பார்த்தா..."

"மெடிக்கலா எங்க சம்பந்தி பாக்க மாட்டாரு சார்."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். எதற்குக் கழற்றினோம் என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்களும் இப்படி நிற்பீர்கள். அப்போது ஒன்றும் செய்ய வேண்டாம். தட்டைச் சத்தப்படுத்தாதீர்கள். சமாதானம் சொல்லாதீர்கள். பெரியவர் கோபம் உங்கள் பக்கம் திரும்பினால் டாக்டர் யோசிப்பதை விட்டுவிடுவார்.

பக்கத்து அறையிலிருந்து மேடம் வந்தார். எல்லாம் கேட்டிருக்கும். டாக்டரைத் திட்டுவார் அல்லது சம்பத்தைத் தணிப்பார் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. கதவோரம் முந்தானையோடு நின்றவளைப் பார்த்தார்.

"மல்லிகா, அப்பளம் சாப்பிடுவியா?"

"இன்னா மேடம், இங்க இன்னா பேச்சு நடக்குது, நீங்க அப்பளம்ன்றீங்க" என்றார் சம்பத்து.

மேடம் அவர் பக்கம் திரும்பவில்லை. மல்லிகா முந்தானைக்குள்ளிருந்தே சொன்னாள்.

"சாப்புட மாட்டேன்."

"எத்தனை நாளா?"

"நாளா? வருசமாவுது. குத்துது. எனக்கு உஷ்ண உடம்பு. வாய்ப்புண்ணு வந்துக்கினே கீது. சோத்தக் கரைச்சி குடிச்சிட்டுப் போய்டுவேன்."

"எங்க குத்துது?"

முந்தானையை விலக்கிக் கட்டைவிரலை வாய்க்குள் விட்டுக் காட்டினாள். மேல் முன்பல்லுக்குப் பின்னால், அண்ணத்தில்.

மேடம் டாக்டரைப் பார்த்தார். தன் அறைக்குப் போய்விட்டார்.

டாக்டர் அந்த இடத்தை முதலிலேயே பார்த்திருந்தார். இதை அவரே பிறகு என்னிடம் சொன்னார். "நான் பார்த்தது அந்தப் புண்ணைத்தான் யசோதாக்கா. வாயில வந்தது வேற." அவர் உள்ளே இருந்த காயத்தைப் பார்த்துச் சொன்னார். அவள் காதில் விழுந்தது வெளியே இருந்த பல். அவளுக்கு அந்தப் பேச்சு சின்ன வயதிலிருந்து பழக்கம். இன்னொரு தடவை கேட்டதாகத்தான் எடுத்துக்கொண்டாள். அப்படியே அவள் படி இறங்கிப் போயிருந்தால் அந்தப் புண்ணை யாருக்கும் காட்டியிருக்க மாட்டாள்.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நிற்கிறவளைவிட அவர் தலை கீழே இருந்தது.

"நான் முதல்ல சொன்னது தப்பும்மா. உங்க பல்லு எப்படி இருக்குன்னு நீங்க கேக்கல. நான் சொல்லியிருக்கக் கூடாது. வலிக்கிற இடத்தை மட்டும் பார்க்கட்டுமா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள். வந்து உட்கார்ந்தாள்.

வழக்கமாக நாம் பெரிய கண்ணாடியைக் கையில் கொடுத்தால் முன்பல்லைப் பார்க்கத்தான் கொடுப்போம். அன்று டாக்டர் அதை அவள் கையில் கொடுத்து, சின்னக் கண்ணாடியை வாய்க்குள் வைத்து, ஒன்றில் ஒன்று தெரிகிற மாதிரி சாய்த்தார். அவளுக்குப் பிடிபட நேரம் ஆனது. பிறகு தெரிந்தது. அண்ணம் சிவந்து, வரிசையாகப் பள்ளம்.

"இன்னா இது, பள்ளம் பள்ளமா கீது?"

"உங்க கீழ்ப் பல்லு. வாயை மூடும்போதெல்லாம் அங்க போய் இடிக்குது."

"மேல் பல்லு இல்லியா?"

"மேல் பல்லை ஊரே பார்க்குது. குத்துறது கீழ்ப் பல்லு."

"அப்ப உஷ்ணம்?"

"உஷ்ணம் இல்லம்மா."

அவள் கண்ணாடியை இறக்கினாள். "எத்தினி சொம்பு மோரு குடிச்சேன்" என்றாள்.

கவிதா சிரித்துவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று மல்லிகா கேட்டாள். மேல் பல்லுக்குப் பின்னால் ஈறு தேய்ந்துகொண்டே போகும், நாளானால் முன்பல் ஆட ஆரம்பிக்கும் என்றார்.

"விழுந்துடுமா?"

"விழலாம்."

"வெளிய நீட்டினு இருந்தாலும் என் பல்லு சார் அது" என்றாள். பிறகு, "கிளிப்பு போட்டா புண்ணு போவுமா?" என்றாள். போகும் என்றார்.

அப்போது சம்பத்து சொன்னார். "செய்யலாம். கல்யாணம் முடியட்டும். மூத்த பொண்ணு வாயில கம்பியோட பந்தல்ல நின்னா நாலு பேரு நாலு பேசுவாங்க."

"ஆமா சார், கல்யாணம் முடியட்டும்" என்றாள் மல்லிகா. உடனே சொன்னாள். சொல்லிவிட்டு இறங்க ஆரம்பித்தாள்.

'முடியட்டும்' என்று சொல்லிப் போகிறவர்கள் வருவதில்லை. கல்யாணம் முடிந்தால் நடவு வரும், நடவு முடிந்தால் அறுப்பு. பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். நான் அந்த மேசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். டாக்டருக்கும் தெரியும். ஆனால் ஏற்கெனவே ஒரு தடவை அதிகமாகப் பேசிவிட்டவர். இன்னொரு வார்த்தை வற்புறுத்தினால் முதலில் இருந்த இடத்துக்கே போய்விடும். அவர் வாயை மூடிக்கொண்டார். அது கஷ்டமான வேலை.

பேசியது கவிதா. அதுவரைக்கும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

"நைனா, யாரு பேர்ல டோக்கன் போட்ட?"

சம்பத்து அவளைப் பார்த்தார்.

"அக்கா பேர்ல. பாய் கேட்டதுக்கு இன்னா சொன்ன? பெரிய பொண்ணுக்குன்னு. ரெண்டு வருசம் ஆவும்னு டாக்டர் சொன்னதும் அவருக்குக் கேட்டிருக்கும். இப்ப ஒண்ணும் போடாம வெளிய போனா அவரு இன்னா நெனைப்பாரு? அப்ப யாருக்கு வந்தாங்கன்னு நெனைக்க மாட்டாரு?"

"அதுக்கு?"

"அக்காவுக்கே போடு. நீ சொன்னதும் பொய்யாவாது."

"உன் பல்லு?"

"அவங்க பாத்துட்டுதான பூ வெச்சாங்க. பெட்டியில பூட்டியா வெச்சிருந்தேன்?"

மல்லிகா சேரில் பாதி இறங்கியபடி இருந்தாள். "எனக்கு வெக்கமா கீதுடி" என்றாள். அன்றைக்கு அவள் சத்தம் குறைத்துச் சொன்னது அது ஒன்றுதான். "எங்க வூட்டுக்காரரு வேற அறுப்பு மிஷினோட கர்நாடகா போய்கீறாரு. வந்து பாத்தா பயந்துடப் போறாரு."

"பயப்படட்டும். ஒரு நாளாவது பயப்படட்டும்" என்றாள் கவிதா.

டாக்டர் யாரையும் பார்க்காமல் விளக்கைச் சரி செய்துகொண்டிருந்தார். சம்பத்து பக்கத்தில் காலியாக இருந்த இன்னொரு சேரில், கால் நீட்டுகிற இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மேடம் எட்டிப் பார்த்தார். "உங்களுக்கும் பார்க்கணுமா?"

"எனக்கு இருக்கறதே ஆறு. உடுங்க மேடம். அவளுக்குப் போடுங்க."

வெளியே வந்ததும் பாய் எழுந்து சம்பத்து கிட்டே வந்தார். "நான் ஒண்ணும் கேக்கலப்பா. வீங்கினதுல இந்தப் பக்கக் காது அடைச்சினு கீது."

"அந்தப் பக்கக் காது?"

"அதால வாலாஜாபாத் பஸ்ஸு வருதான்னு கேட்டுக்கினு இருந்தேன்."

சம்பத்து முதல் தடவையாகச் சிரித்தார்.

அதற்குப் பிறகு மேசையில் நான் இரண்டு கேள்வி கேட்டுத்தான் டோக்கன் போட்டேன். யாருக்கு? என்ன தொந்தரவு? பதில் வரும்வரைக்கும் யார் வாயையும் பார்ப்பதில்லை. டோக்கன் சீட்டைப் பார்த்துக் கேளுங்கள். பழகிவிடும். டாக்டரும் விளக்கைப் போடுவதற்கு முன்னால் அதையே கேட்க ஆரம்பித்தார். ஒரு டீச்சரம்மா போனில் ஒரு பல்லைப் பெரிதாக்கிக் காட்டி அழுதார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. டாக்டருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. அந்த அம்மாவுக்குத் தெரிந்தது. டாக்டர் 'இதுக்கா' என்று கேட்கவில்லை. எப்போதிலிருந்து உறுத்துகிறது என்று கேட்டார். ஒரு நெல் வியாபாரி, கீழ்த்தாடை மேல்தாடையை விட்டு ஒரு விரல் முன்னால். சொத்தைக்கு வந்தார். சொத்தையை அடைத்தோம். வேறு தொந்தரவு உண்டா என்று டாக்டர் ஒரு தடவை கேட்டார். இல்லை என்றார். போனார். மெல்லும்போது சத்தம் இல்லை, வலி இல்லை. அதோடு விட்டோம்.

மல்லிகா மாதா மாதம் கழனியிலிருந்து நேராக வந்தாள். முதலில் கீழ்ப் பல் அண்ணத்தில் இடிக்காமல் இருக்க ஏற்பாடு. பிறகு கிளிப். ஆரம்பத்தில் கம்பி உதட்டைக் கிழித்தது. "ஒரு புண்ணு போவட்டும்னு வந்தா நாலு புண்ணு குடுத்து அனுப்பறீங்க" என்று ஹாலில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். கம்பிமேல் வைக்க மெழுகு கொடுத்தேன். என்ன சாப்பிடக் கூடாது என்று சொல்வது என் வேலை. முறுக்கு, கரும்பு, வேர்க்கடலை உருண்டை, அப்பளம்.

"அப்பளத்தக் கேட்டுத்தான் உக்கார வெச்சீங்க. இப்ப அப்பளம் வேணாம்ன்றீங்க."

"கிளிப் கழட்டற வரைக்கும்."

"எழுதி வெச்சிக்கறேன்" என்றாள். எழுதவில்லை.

கல்யாணத்துக்கு எல்லோருக்கும் பத்திரிகை வைத்தார்கள். மேடத்தால் வர முடியவில்லை. டாக்டரும் நானும் போனோம். வாலாஜாபாத்தில் மண்டபம். வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு மல்லிகா. வாய் நிறையக் கம்பி. முந்தானை இடுப்பில் செருகி இருந்தது.

மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருத்தர் அவளை நிறுத்தி வைத்துப் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேனிலிருந்து பேசியது அந்த அம்மாதான் என்று சம்பத்து என் பக்கத்தில் வந்து சொன்னார். சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.

"எங்க போட்டம்மா?" என்று கேட்டார் அந்த அம்மா. "என் பொண்ணுக்கும் ஒண்ணு ஏறிக்கினு கீது."

"உத்திரமேரூர். டாக்டரு அதோ நிக்கிறாரு. மொதல்ல கொஞ்சம் கத்துவாரு. அப்புறம் நல்லா பேசுவாரு" என்றாள் மல்லிகா.

மேடையில் கவிதா சிரித்தாள். அந்தப் பல் தெரிந்தது. நான் இருந்தவரைக்கும் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சின்னவளுக்கு எப்போது செய்யலாம் என்று சம்பத்து டாக்டரைக் கேட்டார். அவங்க கேட்டா செய்யறேன் என்றார் டாக்டர். இன்று வரைக்கும் அவள் கேட்கவில்லை.

பந்தியில் நானும் டாக்டரும் பக்கத்தில் பக்கத்தில். எதிர் வரிசையில் மல்லிகா வந்து உட்கார்ந்தாள். சாதம், பருப்பு, நெய். பரிமாறுகிறவர் அவள் இலையில் ஓர் அப்பளத்தை வைத்துவிட்டுப் போனார்.

அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது என் வேலை. நான் என் இலையைப் பார்த்தேன்.

கடிக்கிற சத்தம் கேட்டது. டாக்டர் கை ஒரு நொடி நின்றது. அவரும் தலை நிமிரவில்லை. சாம்பார் சாதத்தைப் பிசைந்தார்.

எதிரே அவள் கையைத் தூக்கினாள். "அண்ணே, இங்க" என்றாள். குரல் பந்தி முழுக்கக் கேட்டது. அவர் திரும்பி வந்தார். மோர் சாதத்துக்கு மறுபடி கூப்பிட்டாள்.

மூன்று அப்பளம்.